எரிமலைச் சோளம்

சுட்ட சோளத்துக்கு மிளகாய் தடவுவதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. பாதி எலுமிச்சையை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் ஒற்றி எடுத்து, சூடு ஆறுவதற்குள் அடி முதல் நுனி வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். மெல்லத் தேய்த்தால் தூள் உதிர்ந்துவிடும். வேகமாகத் தேய்த்தால் மணி நசுங்கிவிடும். சோளக்கார அக்கா பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறாள். கணவர் கரி அடுப்பை விசிறிச் சோளம் சுடுவார், அவள் தடவிக் கொடுப்பாள். அலுவலகம் விடும் நேரத்தில் அந்த நடைபாதை வண்டியைச் சுற்றி எப்போதும் பத்துப் பேராவது நிற்பார்கள்.

அது எதிர்ச்சாரியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சோளக் கடை முளைக்கும் வரை. அங்கே வெண்ணெய், பாலாடைக்கட்டி, பூண்டு சாஸ் என்று பதினான்கு வகையறாவைச் சோளத்தின் தலையில் கொட்டித் தந்தார்கள். உள்ளே சோளம் இருக்கிறதா என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கூட்டம் சாலையைக் கடந்து போய்விட்டது. விற்காத சோளத்தை அக்காவின் வீட்டில் காலையில் அவித்துத் தின்றார்கள், மதியம் அரைத்துத் தின்றார்கள், ராத்திரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நாக்கு வேந்தர் எழுந்தருளினார். அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குச் சூட்டவில்லை. தலை காலியாக இருக்கிறதே என்று அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். தான் தின்பதைத் தானே கைபேசியில் படம்பிடித்து உலகுக்கு வழங்குவது அவர் தொழில். அவர் மென்று விழுங்குவதைப் பார்க்கச் சில லட்சம் பேர் காத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் சாப்பாடு இல்லையா என்று கேட்கக்கூடாது.

"அக்கா, உங்க சோளத்துல ருசி இருக்கு. ஆனா விறுவிறுப்பு இல்ல. ஜனங்களுக்கு இப்ப அதான் வேணும்" என்று ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். "மிளகாய்லேர்ந்து இறக்கின சாறு. கிண்ணத்துக்கு ஒரே ஒரு சொட்டு. தண்ணி குடிக்காம முழுச் சோளத்தையும் தின்னு முடிச்சா, அவன் சாதனையாளன். பேரு, எரிமலைச் சோளம்!"

"நீங்களும் அதைத்தான் தின்னப் போறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

வேந்தர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வயித்துப் புண்ணுக்கா. எனக்குத் தனிக் கிண்ணம் வச்சிருங்க. நிறம் இருக்கட்டும், காரம் வேணாம்."

அப்படித்தான் நடந்தது. அவர் நிறத்தைத் தின்றார். நெற்றி வியர்வையைக்கூடப் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியிலிருந்து தெளித்துக்கொண்டார். படம் வெளியானதும் கூட்டம் திரும்பி வந்தது. வந்தவர்கள் எல்லாம் நிஜக் கிண்ணத்திலிருந்து தின்று, நிஜமாகவே துடித்தார்கள். சுற்றி நின்றவர்கள் துடிப்பவனைப் படம்பிடித்தார்கள்.

நாலாம் நாள் ஓர் இளம்பெண் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அக்கா கணவர் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இனிமே இதைத் தொட்டீங்கன்னா நான் வண்டிக்கு வரமாட்டேன்."

"பாவ புண்ணியம் பாக்குற வயிறா நம்ம வயிறு?" என்றார் கணவர். "ஊத்தலேன்னா நாளைக்கு ஈ ஓட்டணும், பரவாயில்லையா?"

அதோடு பேச்சு நின்றது. அவர் சொன்னதுபோலவே ஈயும் ஓட்டினார்கள். மூன்று நாள், ஒரே வண்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, "அந்த விசிறி" என்று காற்றிடமும் "உப்பு தீந்துபோச்சு" என்று அடுப்பிடமும் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெரிய போட்டி என்று வேந்தர் அறிவித்துவிட்டார். அன்று காலை அக்கா குளிக்கப் போன நேரம், கணவர் அவள் கழற்றி வைத்த புடவையின் முடிச்சை அவிழ்த்து, வீட்டிலேயே தூளில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, குப்பியைப் பழையபடி முடிந்து வைத்தார். சாயங்காலம் அவர் கரி வாங்கப் போனார். தளர்ந்து நடக்கும் அவர் முதுகைப் பார்த்த அக்காவுக்கு மனசு இளகியது. 'பாவம் மனுஷன், இன்னிக்கு ஒரு நாளாவது சிரிக்கட்டும்' என்று அவளும் ஒரு சொட்டு விட்டாள். ரோஷத்தில் இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

கூட்டம் சாலையை அடைத்தது. "யார் வர்றது? நெஞ்சுல தில் இருக்குறவங்க யாரு?" என்று வேந்தர் முழங்கினார். முன்னால் வந்தவர் எதிர்க் கட்டடத்துக் காவலாளி.

அக்காவுக்குத் திக்கென்றது. அவர் தினமும் வந்து, "மிளகாய் தொட்டும் தொடாம போடும்மா" என்று கேட்டு வாங்கித் தின்பவர். ஆஸ்துமாக்காரர்.

"நீங்க வேணாம்ண்ணே. உங்களுக்கு இழுப்பு இருக்குல்ல?"

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பன்னெண்டு வருஷமா இவங்களுக்குக் கதவு தொறந்து விடுறேன்மா. ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியாது. இப்ப பாரு, எல்லாரும் என்னையேதான் பாக்குறாங்க. ஒரு தடவை. குடும்மா."

பின்னால், தினமும் அவர் திறந்த கதவு வழியாக நிமிராமல் போனவர்கள் கைதட்டி, "வாட்ச்மேன்! வாட்ச்மேன்!" என்று கத்தினார்கள். மாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். அடுப்பில் அடுக்கியிருந்த சோளத்தை ஒருமுறை பார்த்தாள். எலுமிச்சையைக் கிண்ணத்தில் ஒற்றினாள்.

மூன்றாவது கடியில் காவலாளியின் கண் சிவந்தது. ஐந்தாவது கடியில் இருமல் வந்தது. சோளம் கையிலிருந்து விழவில்லை; அவர்தான் அதையும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு விழுந்தார். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது.

"தண்ணி கேட்டா தோத்துட்டீங்க!" என்று வேந்தர் உற்சாகப்படுத்தினார்.

அக்கா பாய்ந்து போய் அவர் தலையைத் தாங்கினாள். "இழுப்பு மருந்து எங்கண்ணே?" அவர் கட்டடத்து வாசல் கூண்டைக் கைகாட்டினார். கணவர் ஓடப் பார்த்தார். கூட்டம் சுவர் மாதிரி நின்றது. சுவருக்கெல்லாம் ஒரு கை, கையிலெல்லாம் ஒரு கைபேசி.

"வழி விடுங்க! உசிரு போகுது!" என்று அக்கா அலறினாள்.

"அக்கா, கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, மறைக்குது" என்றது ஒரு குரல்.

அவள் எழுந்து, அடுப்பிலிருந்து கனன்ற கரி ஒன்றை இடுக்கியால் கவ்வி எடுத்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குள் நடந்தாள். உயிருக்கு விலகாத கூட்டம் நெருப்புக்கு விலகியது. அந்த இடைவெளியில் கணவர் ஓடினார்.

"இந்த ஆளு தின்னது வெறும் சாயம்!" வேந்தரை நோக்கிக் கத்தினாள். "தனிக் கிண்ணம்! நாந்தான் வச்சுக் கொடுத்தேன்! தைரியம் இருந்தா இப்பத் தின்னச் சொல்லுங்க!"

நாக்கு வேந்தருக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு எழவில்லை. கைபேசியைத் தன் முகத்திலிருந்து அவள் பக்கம் திருப்பினார். சண்டைக்கும் பார்வையாளர்கள் உண்டு.

கண்ணாடிக் கடைக்காரர் பால் புட்டியோடு சாலையைக் கடந்து ஓடி வந்தார். கணவர் கொண்டுவந்த மருந்தை உறிஞ்சவும் காவலாளிக்கு மூச்சு போதவில்லை. கடைக்காரரின் காரில்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காருக்குள்தான் ஒரு சொட்டு இரண்டு சொட்டான கதை கணவன் மனைவிக்குத் தெரிந்தது. யார்மேல் யார் கோபப்படுவது?

"ரெண்டு சொட்டுன்னு ஏன் அழறீங்க? இவருக்கு ஒரு சொட்டே விஷம்" என்றார் டாக்டர். "மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. உயிருக்கு இப்ப ஆபத்தில்ல. ஆனா இன்னும் அஞ்சு நிமிஷம் வேடிக்கை பாத்திருந்தீங்கன்னா என்கிட்ட கொண்டுவந்திருக்கவே வேணாம்."

நடைக்கூடத்தில் கணவரின் கைபேசி அடித்தது. வேந்தர்தான். "அண்ணே, ஆறு லட்சம் பேரு பாத்துட்டாங்க! அக்கா நெருப்பைத் தூக்கிட்டு வந்தாங்களே, அதுதான் உச்சம்! அடுத்த வாரம் பெண்கள் சிறப்புப் போட்டி வச்சா..." கணவர் பாதியிலேயே அணைத்தார்.

உள்ளே, மூக்கிலும் வாயிலும் கவசம் மாட்டிய காவலாளி கண் திறந்தார். அக்காவை அருகே வரும்படி விரலசைத்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் ஜெயிச்சேனாம்மா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அவருக்கும் தனக்கும் வாசலில் நின்ற கணவருக்கும் சேர்த்துச் சொன்னாள்:

"இல்லண்ணே. நீங்க தோத்தீங்க, உங்களுக்குத் தடவிக் கொடுத்த நானும் தோத்தேன், சுத்தி நின்னு படம்புடிச்ச அத்தனை பேரும் தோத்தாங்க. ஒருத்தர் துடிக்கிறதை நாலு பேர் பாத்து ரசிச்சா அது விளையாட்டு இல்லண்ணே, கொலைக்கு ஒத்திகை. கைதட்டுக்காக உங்க உசிரைப் பந்தயம் வைக்காதீங்க. அடுத்தவங்க உசிரை வச்சு வர்ற கூட்டம் எனக்கும் வேணாம். நாளைக்கு ஈ ஓட்டினாலும் ஓட்டுறேன், மனுஷனைச் சுட்டு வித்துப் பொழைக்க மாட்டேன்."