பிறை தேடிய மாலையில் ஒரு நெருப்புக்கோளம்

1

மலையூரான அக்குறணைக்கு மேலே, மாலை வானத்தில், ஒரு நெருப்புக்கோளம் பச்சையும் பொன்னுமாக எரிந்து மேற்குக் குன்றின் பின்னால் இறங்கியதைக் கண்டேன். இக்கதையில் நடந்தது அவ்வளவே. மீதி முழுவதும், அதன்மேல் கொண்ட பிரியத்தால் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "முன்னொரு காலத்தில் ஓர் எரிகல், பிறையின் அழகைக் கண்டு பொறாமை கொண்டு..." (நிறுத்திவிட்டேன். ஓய்வுபெற்ற பின்னும் கல்லுக்கு ஒழுக்கம் கற்பிக்க முனைவது வாத்தியார் வியாதி.)

2

ஆகவே, மனிதர்கள். எழுபதுகளின் கடைசி. இருபத்தொன்பதாம் நோன்பு முடியும் மாலை. பிறை தென்பட்டால் நாளை பெருநாள். இல்லாவிட்டால் இன்னுமொரு நோன்பு. புடைவைக் கடை ஹாஷிம் நாளை மாலை வேலைக்காகச் சவூதிக்கு விமானமேறுகிறான். அவனுடைய குழந்தைக்கு இது முதற் பெருநாள். அதை அவன் பார்ப்பானா என்பது பிறையின் கையில் இருந்தது.

மனைவி ஹபீலா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை அவித்தே வைத்துவிட்டாள்.

"பிறை காண முந்தியேவா?" என்றான் ஹாஷிம்.

"பிறைக்குச் சொல்லிட்டேன். வராட்டி அதுக்குப் பங்கில்ல."

3

பள்ளிவாசலின் பின்மேட்டில் ஆண்கள் கூடி மேற்கே பார்த்து நின்றார்கள். அப்போதுதான் என் நெருப்புக்கோளம் வந்தது. அது மறைந்தபின் அதன் புகைத்தடம் மெல்ல வளைந்து, அடிவானத்துக்குக் கீழே போன சூரியனின் ஒளிபட்டு மின்னியது. மறுகணம் முகில் மூடிற்று.

"பிறை! நான் கண்டேன்!" என்று கத்தினார், அண்ணன் முறையில் எல்லோரும் 'நானா' என்றழைக்கும் றவூப்.

"றவூப் நானா போன வருஷம் தெருவிளக்கயும் கண்டவர்" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

* றவூபைப் பொய்யராக்க எண்ணியிருந்தேன். ஆனால், அவருடைய கண்கள் நனைந்திருந்தன. கண்டதாகவே அவர் நம்பினார். நானும் விட்டுக்கொடுத்தேன்.

பெருநாளைத் தீர்மானிக்கும் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்கு அறிவிக்க இன்னொரு சாட்சி வேண்டும். பள்ளிவாசல் தலைவர் பளீல் ஹாஜியார் ஹாஷிமின் தோளைத் தொட்டார்.

"மகன், நீங்களும் அந்தப் பக்கந்தானே பாத்தீங்க. கண்டது பிறையா, நெருப்புட புகையா?"

4

முடிவு ஒன்று: "பிறைதான்" என்கிறான். காலையில் புத்தாடையுடன் குழந்தை அவன் மடியில். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: "புகை" என்கிறான். ஆனால், அது உண்மையிலேயே பிறையாக இருந்திருந்தால், அந்தப் பெருநாளை அவனே...

இரண்டையும் அடித்துவிட்டு அவனையே பேசவிட்டேன்.

"வளைவா ஒண்டு கண்டேன் ஹாஜியார். ஆனா எனக்கு ஆச கூடிப்போச்சு. என்ட கண்ண நானே நம்ப ஏலா."

இத்தகைய ஒருவனுக்குப் பெருநாளைக் கொடுக்க எந்த எழுத்தாளனுக்குத்தான் கை துடிக்காது? முகிலை விலக்க ஒரு வாக்கியம் போதும். எழுதினால், அவன் இவ்வளவு சிரமப்பட்டுச் சொன்ன சொல் வீணாகிவிடும்.

"வேற யாரும் கண்டவங்க ஈக்கீங்களா?" என்று கேட்டு, பளீல் ஹாஜியார் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார்.

வாசகரே, இவ்வளவு நேரமும் நீங்களும் அந்த மேட்டில்தான் நின்றீர்கள். அவருடைய பார்வை இப்போது உங்களிடம் வந்து நிற்கிறது. ஹாஷிமின் பார்வையும்.