அரை மில்லி

செத்துப்போன அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான் தம்பி. அவன் நகக்கண்ணில் இன்னும் அலுமினியத் தூள்.

அண்ணி பட்டறையிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவந்தாள்.

"இதைக் கையில குடுத்துடு. அவருக்குப் பேர் வாங்கித் தந்தது இதுதானே."

தம்பி வாங்கி அண்ணன் உள்ளங்கையில் வைத்தான். விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டான். அப்போது மடங்கின.

முந்நூறு வருடப் பழமையான வயலின் ஒன்றின் அச்சுத் தகடு அது. அதன் ஓரமாகக் கோடு இழுத்துத்தான் இன்றைக்கு வயலின் செய்கிறவர்கள் மரம் அறுக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போய் அளந்தது இருவரும். அண்ணன் வலது பாதியை வரைந்து, அதையே இடதுக்கும் திருப்பிப் போட்டார். அந்த வயலினின் இடது இடுப்பு வளைவு வலதைவிட அரை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று தம்பி சொன்னான்.

"மரம் சுருங்கியிருக்கும்டா. நீ தேய்க்கற வேலையைப் பாரு, அளவை நான் பாத்துக்கறேன்."

அண்ணன் வெளியே போன ஒரு மத்தியானம், நகல்களுக்கு மூலமான இந்தத் தகட்டில் அந்த அரை மில்லியை அரத்தால் தேய்த்தெடுத்தான். அளவுக்காக மட்டுமில்லை, வயிற்றெரிச்சல். அதன் பிறகுதான் எங்கெங்கிருந்தோ தகட்டுக்கு ஆர்டர் குவிந்தது. எல்லாம் அண்ணன் பேருக்கு.

மதியம் துக்கத்துக்கு வந்த வயலின்காரர் தகட்டைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"இந்த இடுப்பு வளைவு இருக்கே, அவர் கைக்குத்தான் வரும். கூட இருந்து பாத்தீங்களே, அதுவே கொடுப்பினை."

தம்பிக்குக் காது சுட்டது.

சவப்பெட்டியை மூட ஆள் கூப்பிடும் நேரத்தில் அண்ணியிடம் சொன்னான்.

"அந்தத் தகடு போக வேணாம் அண்ணி."

"ஏன்?"

"அந்த வளைவு நான் தேய்ச்சது. அவருக்குத் தெரியாம."

அண்ணி பிணத்தின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாரு. பாவி சரியாத்தான் தேய்ச்சிருக்கான்னு ரெண்டு நாள் சோறு எறங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எப்படிச் சொல்வாரு? நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

ஆட்களைக் கூப்பிட அவள் வெளியே போனாள். தம்பி தகட்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொரு தரம், பலமாக. காலையில் அவனே மடக்கிவிட்ட விரல்கள் இடது வளைவின் மேல் விறைத்துக் கிடந்தன.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இழுத்ததில் கசங்கிய சட்டைக் கையை அவசரமாக நீவிவிட்டான்.