தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு

என் அண்ணன் உதயகுமாருக்கு அறிவு கம்மி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நான் மட்டும் வாய்விட்டுச் சொல்வேன். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன். ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது, "எனக்குப் போன வருஷமே வந்து போயிடுச்சுமா, இனிமே இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது" என்று கிருமிக்கே உத்தரவு போடுகிறவன். நான் நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

அந்த மாதம் எங்கு பார்த்தாலும் இன்ஃப்ளூயன்சா. எங்கள் தங்கை காவேரிக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. போதாததற்கு அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். காய்ச்சல்காரர்களை அண்ட விடாதீர்கள், தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "புள்ளத்தாச்சிக்கு ஊசியா? எங்க வூட்ல அந்த வழக்கமே இல்லமா" என்று மாமியார் பொன்னியம்மாள் மறுத்துவிட்டார். வளைகாப்பைத் தள்ளிப்போடவும் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். கிருமியும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வரும் என்று அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சரி, நான் எதற்கு இருக்கிறேன்? வளைகாப்பு அன்று வாசலில் நாற்காலி போட்டு, நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்துவிட்டேன். நூறு காட்டினால் யாராக இருந்தாலும் வந்த வழியே போக வேண்டியதுதான். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

முந்தின நாள்தான் வகுப்பில் இன்ஃப்ளூயன்சாவைப் பற்றி நடத்தியிருந்தேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். ரோந்து வரும் டி செல் என்னும் காவல் செல் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று முடிவு செய்யும். இருந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். செல்லைத் திறந்து பார்க்க அதற்கு வழியில்லை. இன்ஃப்ளூயன்சா அங்கேதான் தப்பிக்கிறது. சில சமயம் அந்தத் துண்டில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போயிருக்கும். பழையதை நினைவில் வைத்திருக்கும் டி செல்லுக்கு அடையாளம் தெரியாது. சில சமயம் துண்டுகள் வெளியே வருவதே குறைந்துவிடும். உள்ளே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

வடிவு என்ற மாணவி, "அவ்ளோ புத்திசாலியா மேம் அது?" என்றாள்.

"புத்தியா? எட்டு மரபணுத் துண்டு, அதான் அதோட மொத்த சொத்து. காவல்காரன் எதைப் பார்ப்பானோ, அது மட்டும் அவன் கண்ணுல படாம இருந்தா போதும். அதுக்கு மூளை எதுக்கு?" என்றேன். என் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தான். எங்கள் குடும்பத்தில் வளைகாப்புச் சேலையைத் தாய்மாமன் ஆகப்போகிறவன் நெய்து, தன் கையாலேயே தங்கை தோளில் போட வேண்டும். கையில் அரக்குச் சேலை, வாயில் கிராம்பு.

"என்னண்ணா, கண்ணு செவந்துக்கினு இருக்குது?"

"விடாம தறியிலயே இருந்தேன்மா. காலையிலதான் சேலைய அறுத்து எடுத்தேன்."

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு காட்டியது. பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது இவனுக்கு ஏது என்று உள்ளே விட்டேன். அவன் சேலையைத் தோளில் போட்டான், கன்னத்தில் சந்தனம் பூசினான், அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். காவேரி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். புதன்கிழமை மூச்சுத் திணறி ஐ.சி.யூ. ரிப்போர்ட்டில் இன்ஃப்ளூயன்சா. மருத்துவமனை வாசலில் அண்ணன் இருமலை அடக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு வெள்ளிக்கெழமையே காய்ச்சல் இருந்துச்சா?"

"அதுக்கு மொத நாள்லேர்ந்தே. ரெண்டு மாத்திரை போட்டுக்கினு வந்தேன்."

"என்னையே ஏமாத்த எங்க கத்துக்கின?"

அவனுக்குக் குத்தல் புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். "இதுல என்னம்மா இருக்குது? நெசவாளர் சொசைட்டிக்குச் சேலைய எடுத்துக்கினு போனா, செக்கிங்ல முந்தியையும் பார்டரையும்தான் விரிச்சுப் பார்ப்பாங்க. நடுவுல இழை வுட்டுப்போயிருந்தா உள்மடிப்புல வெச்சு மடிச்சுக் குடுத்துடுவோம். நீ நெத்தியத்தான் பார்ப்பேன்னு தெரியும். அதை மட்டும் சரி பண்ணிக்கினு வந்தேன். எனக்கு மறுபடி வந்தா லேசாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அவ தோள்ல நான்தானேமா போடணும்?"

ஒரு மணி நேரம் நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததை இவன் சேலை மடிப்பிலேயே தெரிந்து வைத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். "என் கண்ணுல படாத, போ" என்றேன். கேட்டுக்கு வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்தான். நான் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒண்ணேமுக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காவேரி கண் விழித்ததும் நர்ஸ் மேரியிடம் சொல்லி அனுப்பினாள்: "நான் எப்ப பார்ப்பேனோ தெரியல. அக்காவ முதல்ல பார்க்கச் சொல்லுங்க. யார் ஜாடைன்னு கேட்டு வந்து சொல்லுங்க."

அன்று காலையிலேயே என் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தது. அலைச்சல்தான் என்று டீயோடு ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கியிருந்தேன். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் ஒரு கிராம்பு.

குழந்தைகள் வார்டு வாசலில் மேரி என் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைப் பிடித்தார். "நார்மல்மா. அஞ்சே நிமிஷம், போய்ட்டு வந்துருங்க."

கதவு திறந்தது. மூன்றாவது பெட்டியில் ஒரு விரலளவு கால் உதைத்துக்கொண்டிருந்தது. கிராம்பு நாக்கில் சுரீரென்று உறைத்தது.

"சிஸ்டர், எனக்குக் காய்ச்சல் இருக்கும்னு நெனைக்கிறேன். மாத்திரை போட்டிருக்கேன்."

மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஊரையெல்லாம் பார்க்கிற பார்வை அது. "படிச்சவங்கதானே நீங்க?" என்று கதவைச் சாத்தினார்.

வெளியே வந்தேன். அண்ணன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான். "பார்த்தியா புவனா? யார் ஜாடை?"

"பார்க்கல," என்றேன். "கொஞ்சம் நகர்ந்து உட்காருண்ணா."