கர்னல் கூட்டிப்போன கல்யாணப்பெண்

எங்களிடம் இரண்டு பீரங்கிகள் இருந்தன. ஒன்று சுடும், இன்னொன்று அழகாக இருக்கும்.

சுடுவதற்கு மாமியார் என்று பெயர். நேச நாடு ஒன்று தன் கிடங்கைக் கூட்டிப் பெருக்கியபோது எங்களுக்குக் கிடைத்த இரும்பு. எண்ணெய் ஒழுகும், இருமும், குண்டைப் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் துப்பும். ட்ரோன்களின் கண்ணில் படாமலிருக்க, ஆளில்லாத வீடுகளிலிருந்து எடுத்துவந்த பூப்போட்ட கம்பளங்களையும் சோளத்தட்டையையும் அதன்மேல் போர்த்தியிருந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ வீடு காலி செய்யும்போது பாதியில் விட்டுப்போன சாமான் மாதிரி இருக்கும்.

மற்றதுதான் கல்யாணப்பெண். கழிவுநீர்க் குழாய், பைன் பலகை, பழைய லாரிச் சக்கரம். செய்தவன் லெவ்கோ. போருக்கு முன் தெர்னோபில் நகர நாடக அரங்கில் அரண்மனைகளும் கப்பல்களும் கட்டிக்கொண்டிருந்தவன் என்பதால் ஓர் ஆணித்தலைகூட வெளியே தெரியாது. வயிற்றுக்குள் ஒரு சின்ன விறகடுப்பு வைத்திருந்தான். அதை மூட்டிவிட்டால், மேலே சுற்றும் எதிரி ட்ரோனின் வெப்பக் கேமராவுக்கு, இப்போதுதான் சுட்டு ஓய்ந்த பீரங்கி போலத் தெரியும். எதிரி ஆசையாக வந்து மோதுவான். அவனுடைய விலையுயர்ந்த ட்ரோன் எங்கள் பலகையோடு சேர்ந்து எரியும். மறுநாள் லெவ்கோ சுத்தியலைத் தேடுவான். இப்படிப் பலமுறை செத்துப் பிழைத்தவள் அவள். போர் நான்காவது வருடத்தைத் தாண்டும்போது வீரமெல்லாம் கரைந்து தச்சுவேலைதான் மிச்சமிருக்கும்.

அந்த வாரம் எங்களுக்கு இருந்த ஒரே கவலை ஸென்கோ. எங்கள் சார்ஜெண்ட் ஹவ்ரிலோவின் தம்பி, காலாட்படை. முன்வரிசையில் ஒரு மரத்தோப்புக்குள் எலிவளை போன்ற பள்ளத்தில், மூன்று பேரோடு கோடையின் பாதியிலிருந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீரையும் பேட்டரியையும் எங்கள் ட்ரோன்தான் கொண்டுபோய்ப் போடும். தலையை நீட்டினால் எதிரியின் ட்ரோன் வேறு ஏதாவது போடும். வியாழக்கிழமை அடர்ந்த பனிமூட்டம் என்றார்கள். பனியோடு நாங்கள் புகைக்குண்டுகளையும் போட்டால், நால்வரும் அந்த மறைவில் ஓடிவந்துவிடலாம். அதற்கு மாமியார் வேண்டும், குண்டுகளும் வேண்டும். குண்டுகள் செவ்வாயன்று வருவதாக இருந்தது.

செவ்வாயன்று வந்தவர் கர்னல் பூர்தேய்னி.

தலைமையகத்துக்காரர். மீசையும் பூட்ஸும் ஒரே டப்பா பாலிஷ் போட்டதுபோல் மின்னின. கூடவே ஓர் உதவியாளர், கையில் கர்னலைப் படம் பிடிப்பதற்கென்று ஒரு கேமரா.

"உங்ககிட்ட ஒரு நிஜ பீரங்கி, ஒரு டம்மி. சரிதானே?" என்றார் கர்னல்.

"சரிங்கய்யா," என்றார் ஹவ்ரிலோ.

"நிஜத்த பக்கத்து பிரிகேடுக்கு அனுப்புறேன். அங்க நெருக்கடி."

ஹவ்ரிலோவின் முகம் சுண்டிப்போனது. "ஐயா, வியாழக்கிழமை நம்ம பசங்க நாலு பேர வெளிய எடுக்கணும். அதுல ஒருத்தன் என் தம்பி..."

"நீ ஒரு பள்ளத்தப் பாக்குற, சார்ஜெண்ட். நான் தேசத்தையே மேசைமேல விரிச்சுப் பாக்குறவன்."

அந்த நேரம் பார்த்து உதவியாளரின் சட்டைப்பையில் இருந்த ட்ரோன் எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது. தேசத்தை விரித்துப் பார்ப்பவர் ஒரே பாய்ச்சலில் வாதுமை மரத்தடிக்குப் போனார். ஆய்வைக் கைவிடுவது கௌரவக் குறைவு; கிட்டே வருவது உயிருக்குக் குறைவு. ஆகவே அங்கிருந்தபடியே வெப்பத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். லெவ்கோ அன்று அடுப்பைச் சீக்கிரமே மூட்டியிருந்தான்.

"அடடா! பாரு, தகதகன்னு இருக்கு! இன்னைக்கு நல்லா வேலை செஞ்சிருக்குபோல. என்ன ஒரு கம்பீரம்!"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கல்யாணப்பெண்ணை. வாய் தானாகத் திறந்து சிரித்துவிடாமல் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கர்னல் தொலைநோக்கியை மாமியார் பக்கம் திருப்பினார். "இது என்ன கண்றாவி? இதுதான் உங்க டம்மியா? கம்பளத்தச் சுத்தி வெச்சிருக்கீங்க! எதிரி என்ன முட்டாளா? எந்தக் கொழந்தையும் நம்பாதே இத!"

"கலை வேலையெல்லாம் எங்களுக்கு எங்கய்யா வருது," என்றான் லெவ்கோ, தலையைக் குனிந்தபடி.

உதவியாளர் இளைஞர், கண் கூர்மை. "ஐயா, அதுல எண்ணெய் ஒழுகுதே," என்றார்.

கர்னல் புன்னகைத்தார்.

"பாத்தியா, எண்ணெய ஊத்தி வெச்சிருக்கானுங்க! அது ஒண்ணுதான் உருப்படியான யோசனை. மத்ததெல்லாம் சுத்த மோசம். கத்துக்கங்க." புறப்படும் முன் கடைசி வரியையும் சொன்னார்: "காலைல லாரி வரும். பீரங்கியும் போகும், அதுக்குன்னு அதே லாரில வர்ற குண்டும் எறங்காம கூடவே போகும்."

கார்ப் புழுதி அடங்கும்வரை நின்றோம்.

"அண்ணே, இப்ப உண்மையச் சொல்லிட்டா?" என்றான் லெவ்கோ.

"சொன்னா மாமியாரும் போவா, குண்டும் போகும். சொல்லாட்டி குண்டு மட்டும் போகும்."

"குண்டில்லாத மாமியார வெச்சுக்கிட்டு?"

"திட்டலாம்," என்றார் ஹவ்ரிலோ. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோப்பு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு. அந்தப் பக்கம் இருக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். நிஜம்னு நம்பி உக்காந்திருப்பாங்க. அவங்கள ஏமாத்தக் கூடாது."

பக்கத்து பிரிகேடின் கேப்டன் மெலானியாவைப் போனில் அழைத்தார். ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். எதிர்முனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணே, எனக்கு வலிக்குது, நிறுத்துங்க. பொண்ணு பாக்க எப்படி?"

"ராணி மாதிரி. கர்னலே மயங்கிட்டாரு."

"உள்ள அடுப்பு இருக்கா?"

"இருக்கு. பைன் வெறகு போடாதீங்க, பொகை வரும்."

"அப்ப அனுப்பிடுங்க! நெஜமாத்தான் சொல்றேன். நல்ல பீரங்கி ரெண்ட இந்த மாசம் ட்ரோன்ல எரிச்சுட்டானுங்க. இன்னொரு நெஜம் வந்தாலும் அதையும் எரிப்பானுங்க. எரிஞ்சாலும் எந்திரிக்கிற ஒண்ணுதான் எனக்கு வேணும்."

ஹவ்ரிலோ போனை மறுகாதுக்கு மாற்றினார். "அப்ப, கூட வர்ற குண்டு?"

"அது உங்க அளவு. என் பீரங்கி பழைய சோவியத்து, வாய் சின்னது. உங்க குண்டு அதுல நொழையவே நொழையாது. நான் அத வெச்சு ஊறுகாயா போடப்போறேன்? அதே லாரில திருப்பி அனுப்புறேன். ஆனா சும்மா இல்ல. அந்தத் தச்சன ரெண்டு நாளைக்குச் சீதனமா அனுப்பணும். இவளுக்கு ஒரு தங்கச்சி வேணும்."

"ஏய், என்னைய கேக்கவே இல்லையே!" என்றான் லெவ்கோ. யாரும் அவனைக் கேட்பதாகவும் இல்லை.

காலையில் கிரேன் வைத்த பெரிய லாரி வந்தது. டிரைவர் பனாஸ் இறங்கிச் சங்கிலியை எடுப்பதற்குள், நாங்கள் நான்கு பேர் கல்யாணப்பெண்ணைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டோம். அவர் சங்கிலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிகரெட் பற்றவைத்தார்.

"நான் எதையும் பாக்கல. ஆனா அங்க எறக்கும்போது கிரேன்லதான் எறக்குவேன். ஒரு மரியாதை வேணாமா?"

லெவ்கோ சுத்தியலோடு அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அதே லாரி மாலைக்குள் குண்டுகளோடு திரும்பியது. மேல்பெட்டியில் சுண்ணாம்புக்கட்டியால் "சம்பந்தி வீட்டு அன்பளிப்பு" என்று எழுதி, ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை சொன்னபடி பனி வந்தது. முன்னால் நிற்பவரின் முதுகு தெரியவில்லை. மாமியார் முதல் குண்டைத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். மூன்றாவதுக்கு இருமினாள், முனகினாள், நின்றுவிட்டாள்.

"இப்பவாடீ!" என்று ஹவ்ரிலோ அவள் காலில் ஓர் உதை விட்டார். இரும்பை உதைத்ததில் அவருக்குத்தான் நொண்டல். அவளோ சுட்டுவிட்டாள்.

பிறகு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். "ஒருத்தன் வந்தாச்சு," என்றது ரேடியோ. "ரெண்டாவது ஆள் வந்தாச்சு." கொஞ்சம் இரைச்சல். "மூணு." அதன்பின் வெறும் இரைச்சல். ஹவ்ரிலோ கையிலிருந்த காபிக் குவளையைக் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. பனி மெலிவது எங்களுக்கே தெரிந்தது. "இன்னும் புகை," என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்ததையெல்லாம் போட்டோம்.

"நாலு," என்றது ரேடியோ. "இந்த எருமமாடு பள்ளத்துல இருந்த பூனையத் தூக்கிட்டு வர பாதி வழில திரும்பிப் போயிருக்கு, அதான் லேட்டு."

மத்தியானம் ஒரு பிக்கப் வண்டி ஸென்கோவை எங்களிடம் கொண்டுவந்து இறக்கியது. தாடிக்குள் ஆள், சட்டைக்குள் பூனை. ஹவ்ரிலோ முதலில் ஓர் அறை விட்டார்; அப்புறம் கட்டிப்பிடித்தவர் விடவேயில்லை. பூனைதான் நடுவில் கத்திப் பிரித்துவிட்டது.

"கல்யாணப்பெண் எங்க?" என்றான் ஸென்கோ, காலியிடத்தைப் பார்த்து.

"கட்டிக்குடுத்தாச்சு," என்றேன்.

அதற்குள் அவளைப் பற்றிய சேதியும் வந்துவிட்டது. புகுந்த வீட்டுக்குப் போன அன்று மத்தியானமே ஒரு ட்ரோன் அவள்மேல் மோதியிருக்கிறது. கர்னல் பதறிப்போய் மெலானியாவை விசாரித்திருக்கிறார். "சேதம்தாங்கய்யா, ஆனா சாயங்காலமே தயாராயிடும்," என்று பதில் வந்திருக்கிறது. நேச நாட்டு இரும்பின் தரத்தைப் பற்றிக் கர்னல் அன்றைய கூட்டத்தில் நெடுநேரம் பேசினாராம். எங்களுக்கும் ஒரு கட்டளை அனுப்பியிருந்தார்: அந்த அசிங்கமான டம்மியை உடனே சீர்படுத்தவும்.

ஸென்கோ அந்த அசிங்கத்தின் பக்கம் போனான். கம்பளத்தை விலக்கி, தன்னைக் காப்பாற்றிய குழாயில் அப்பியிருந்த சேற்றைச் சட்டைக்கையால் பாசமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"கைய எடுடா!" என்று அலறினார் ஹவ்ரிலோ. "அந்த அழுக்குலதான்டா நீ உசுரோட இருக்க!"

ஸென்கோ ஒன்றும் புரியாமல் கையை எடுத்தான். ஹவ்ரிலோ நொண்டிக்கொண்டே போனார், ஒரு பிடி சேற்றை அள்ளினார், அவன் துடைத்த இடத்தில் அப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.