கழிக்காமல் விட்ட அசைவு

ஹுனைஸ் மச்சான் ஜெர்மனியிலிருந்து வந்த மூன்றாம் நாள், அவர் கொண்டுவந்த சாக்லேட்டைத் தின்றுகொண்டே அவருடைய மானத்தை வாங்கினேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

அவர் என் தாய்மாமன் மகன். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் அணுக்களைக் குளிரவைக்கிறார். நான் எத்தாளையில் இருந்து புத்தளம் போய் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் அவருடைய ஆய்வுக்குச் சமன்பாடு எழுதிக் கொடுப்பேன்.

கடும் லேசர் ஒளி பட்டால் அணுவிலிருந்து இலத்திரன் பிய்த்து எறியப்படும். ஒளியின் விசை திசை மாறும்போது சில இலத்திரன்கள் திரும்பி வந்து தாய் அணுவிலேயே மோதும். அது படம்பிடிக்க எட்டாத வேகம். ஆகவே நாங்கள் அதை நாடகமாகப் போட்டுப் பார்க்கிறோம். ஒளியாலேயே ஒரு குழி செய்து, குளிர்ந்த அணுக்களை அதற்குள் இட்டு, குழியை ஆட்டுவோம். குழிதான் தாய், உள்ளே இருப்பவை இலத்திரன்கள், ஆட்டம்தான் லேசர். எல்லாம் ஆறுதலாக, கமெராவில் பிடிபடும் வேகத்தில் நடக்கும்.

போன வருடம் எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எறியப்பட்ட அணுக்களில் பாதி திரும்பின என்று அதில் எழுதியிருந்தோம். உடனே மச்சான் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். துரத்தப்பட்டது திரும்பி வருமாம், தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் முஸ்லிம் சனம்போல. அவர் வருவதற்குச் சில நாள் முன்புதான் அது என் கண்ணில் பட்டது; வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரத்தப்பட்டபோது அவருக்கு மூன்று வயது, எனக்கு இரண்டு. ஊருக்குப் போகவேண்டும், ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே என் வாப்பா எத்தாளை மையவாடியில் அடங்கினார். அவரை வைத்தா இவருக்குப் பேட்டி?

அந்தக் கோபத்தில்தான் அவர் ஆய்வுகூடத்தில் எடுத்து அனுப்பிய பழைய படங்களை மறுபடி திறந்தேன். பிழை கண்டுபிடிக்கவே திறந்தேன். கிடைத்தது. ஆனால் அடுத்த கிழமை எனக்கு விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் இருந்ததும் அந்த ஒரே கட்டுரைதான்.

மச்சானை மேசையடியில் இருத்தினேன். பென்சிலால் மேசையில் ஒரு புள்ளி போட்டு, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசை வைத்து, பீரிசில் ஒரு கடலையைப் போட்டேன். என் போனை அலுமாரி மேலே சாத்தி வீடியோவைத் தட்டிவிட்டு, பீரிசைச் சட்டென்று பக்கத்துக்கு இழுத்தேன். கடலை விளிம்பைத் தாண்டி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே விழுந்தது.

வீடியோவைக் காட்டி, கடலை எங்கே என்று கேட்டேன். புள்ளியில் என்றார். பீரிசு எங்கே என்று கேட்டேன். அவர் விரலைப் புள்ளியிலிருந்து திரையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

என் சமன்பாடு தூரத்தைக் குழியிலிருந்து அளக்கும். அவருடைய கமெரா அசையாத ஒரு புள்ளியிலிருந்து அளக்கும். இரண்டையும் ஒப்பிடுமுன் குழியின் அசைவைக் கழிக்கவேண்டும். மூன்று வருடம் வட்ஸ்அப்பிலேயே ஆராய்ச்சி செய்தோம், ஒருநாளும் ஒரு மேசையில் இருக்கவில்லை. அவர் கழிக்கவில்லை. திரும்பி வந்தவை என்று நாங்கள் எண்ணியவை, குழி நகர்ந்தபோது பின்னால் விடுபட்டவை.

"நீதானே ரெண்டு தரம் பாத்து சரி எண்டு சொன்ன," என்றார்.

அது சுட்டது. உண்மைதான். அந்தப் படங்களில் அணுக்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்ததைக் கண்டபோது எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை.

பிறகு மச்சான் குரலைத் தணித்தார். "ஒன்ட இன்டர்வியூ முடியட்டும். வேலை கெடச்ச பொறகு எழுதுவம். அதுக்குள்ள யாரு வந்து பாக்கப் போற?"

"நான் பாத்துட்டேனே, மச்சான்."

கட்டுரையை மீளப்பெறும் கடிதத்தைக் காலையிலேயே அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கினார். உம்மா குசினியிலிருந்து வந்து, சொந்த மருமகனை வீட்டுக்குள் வைத்து அவமானப்படுத்திய நீ ஒரு பிள்ளையா என்று என்னைக் கிழித்தார். நான் இன்னொரு சாக்லேட்டைப் பிரித்தேன்.

கடிதத்தில் நான் சொன்ன இரண்டு "சரி"யையும் எழுதியிருந்தேன். நேர்முகப் பரீட்சையில் அதையே கேட்டார்கள். ஓம், என் பிழையும்தான் என்றேன். வேலை வேறொருவருக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து மச்சானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"புதுசா அளந்து, கழிச்சுப் பாத்தேன். ஒண்டும் திரும்பல்ல."

சொன்னது நான்தான், வென்றதும் நான்தான். துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உம்மாவுக்குக் கேட்காதபடி அழுதேன். கழித்த பிறகும் ஒன்றாவது மிஞ்சும் என்று நம்பியிருந்தேன்.