பொது ஆள்

நன்றித் திருநாளன்று நாங்கள் ஆடும், கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்கக் கால்பந்தில் அப்பா எந்த அணியிலும் சேர மாட்டார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் ஓட முடியாது. அதனால் இரண்டு அணிக்கும் அவர்தான் நின்ற இடத்திலிருந்து பந்தை எறிவார். பொது ஆள். அவருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

எனக்குப் பத்து வயதில் நடந்த ஆட்டம் இது. அன்று தூறல் இருந்தது என்கிறான் அண்ணன் எமெட். எனக்கு நினைவிருப்பது வறண்ட குளிர். யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. மற்றதிலெல்லாம் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

அந்தக் கோடையில் அப்பா எங்களைவிட்டுப் போய் டொலிடோ நகரில் வாடகைக்கு அறை எடுத்திருந்தார். விருந்து எப்போதும்போல அம்மாவின் அண்ணன் ரஸ் மாமா வீட்டில். அப்பாவை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் பின்புறப் புல்தரையில் நாங்கள் அணி பிரித்துக்கொண்டிருந்தபோது வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு பேக்கரிப் பெட்டி.

"பொது ஆள் இல்லாமலே ஆடிடுவீங்களா?" என்றார்.

ரஸ் மாமா பந்தை அவரிடம் வீசினார். "வா வேட். கை இன்னும் இருக்கா, இல்ல அதையும் டொலிடோவுல வாடகைக்கு விட்டுட்டியா?"

"உன் தொப்பையைப் பார்த்து எறிஞ்சாப் போதும் மச்சான், குறி தப்பாது."

எல்லோரும் சிரித்தோம். அம்மா வெளியே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "ஆட்டம் முடியிற வரைக்கும் இரு" என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அவள் சொல்வாள், சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்களோடு மேசையில் உட்கார வேண்டும். அன்று எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணோடும் மிசிசிப்பி என்று ஆற்றின் பெயரைச் சேர்த்து ஐந்துவரை எண்ணிய பிறகுதான் எறிபவரை நோக்கிப் பாய வேண்டும். மாமா மகன் கோல்ட்டன் பாதியை விழுங்கிவிடுவான்.

"ஒரு மிசிப்பி, ரெண்டு மிசிப்பி..."

"டேய், பாதி ஆத்தைக் காணோம்டா! முழுசாச் சொல்லு!" என்று எமெட் கத்தினான்.

லோரி அத்தை ஜன்னலைத் திறந்து, "வான்கோழியை வெளிய எடுத்தாச்சு, வந்து கை கழுவுங்க!" என்றார்.

"அடுத்த டச்டவுன் யாரோ, அவங்கதான் ஜெயிச்சாங்க!" என்றார் மாமா. எங்கள் ஆட்டம் எந்த ஆண்டும் அப்படித்தான் முடியும். எதிரணியின் எல்லையில் பந்தைப் பிடித்தால் டச்டவுன்; எங்களுக்கு அந்த எல்லை துணி காயப்போடும் கம்பம்.

அதன் பிறகு அப்பாவின் எறி ஒன்றுகூட யார் கைக்கும் எட்டவில்லை. ஒன்று புதருக்குள் போனது. ஒன்று கராஜ் கூரைமேல் உருண்டது. எங்கள் அணிக்கு எறிந்தாலும் அப்படித்தான், அவர்கள் அணிக்கு எறிந்தாலும் அப்படித்தான்.

"என்ன வேட், கண்ணாடி வாங்கித் தரவா?" என்றார் மாமா.

"காத்து" என்றார் அப்பா.

காற்றே இல்லை. புகைபோக்கிப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எமெட் என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரும் ஜெயிக்காத வரை ஆட்டம் முடியாது. இருட்டும்வரை இழுத்துவிட்டால், பசியோடு நிற்பவரை யார் அனுப்பிவிடப் போகிறார்கள்?

அத்தை இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு அம்மா படியில் வந்து நின்றாள். மேலே ஸ்வெட்டர்கூட இல்லை.

"வேட்" என்றாள். "பசங்களுக்குப் பசிக்குது."

அப்பா பந்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார். என் பக்கம் குனிந்தார்.

"டெல்லா, துணி காயப்போடுற கம்பம் வரைக்கும் ஓடு. நான் சொல்றப்போ திரும்பு. பந்து அங்க இருக்கும்."

"வேணாம்ப்பா. என்னால பிடிக்க முடியாது."

"பிடிப்படா செல்லம்."

ஓடினேன். பின்னால் கோல்ட்டன் மிசிசிப்பியை விழுங்கிக்கொண்டிருந்தான். "இப்போ!" என்று குரல் கேட்டுத் திரும்பினேன். பந்து நெஞ்சில் வந்து பொருந்தியது. தவறவிட நினைத்தாலும் முடிந்திருக்காது, அவ்வளவு சரியான எறி.

எங்கள் அணியினர் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். கீழே இறக்கிவிட்டபோது அப்பா வேலியில் கிடந்த தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மாமா திரும்பிப் படியைப் பார்த்தார். அம்மா உள்ளே போயிருந்தாள்.

"பாத்துப் போ, வேட். ராத்திரி பனி கொட்டுமாம்" என்றார் மாமா.

மேசையில் ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். கோல்ட்டன் தன் புது சைக்கிளுக்கு நன்றி சொன்னான். அப்போது தெருவில் அப்பாவின் கார் உறுமி, திணறி, அடங்கியது. வான்கோழிக்கு மேலே கத்தியோடு மாமாவின் கை நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது யாரு?" என்றார் லோரி அத்தை.

எமெட் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். கார் மறுபடி உறுமியது, மறுபடி அடங்கியது. கிளம்பாதே, கிளம்பாதே என்று மனதுக்குள் காரிடம் கெஞ்சினேன்.

"டெல்லா, உன் முறை" என்றாள் அம்மா.

கார் கிளம்பிவிட்டது. அது தெருமுனையில் திரும்பும்வரை எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"டச்டவுனுக்கு" என்றேன்.

கைதட்டினார்கள். ரஸ் மாமா முதல் துண்டை அறுத்து என் தட்டில் வைத்தார்.