பார்வதி அக்காவின் டப்பா

“ஏத்தா, ஒனக்கு வயிறு சுத்தமா இருக்குல்ல?” என்று பார்வதி அக்கா என்னிடம் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில், எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில். நான் தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது என் வழக்கம்.

அக்கா சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறார். அங்கே சமையலில் கைவைக்கும் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனை உண்டு. போன தடவை அவருக்கு அமீபா என்று வந்து, பதினைந்து நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்த முறையும் ஏதாவது வந்தால் திரும்பி வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக அக்காவுக்கு வயிறு கலக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் தன் பெயர் ஒட்டிய சின்ன டப்பாவை என் கையில் கொடுத்தார். “வீட்டுச் சோறு திங்கிற புள்ள. ஒன்னுதுல என்னத்த இருக்கப்போகுது” என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கெலமங்கலத்தில் அம்மாவோடு சாமந்தித் தோட்டத்தில் வெறுங்காலோடு பூப் பறித்த நாட்களிலிருந்தே எனக்கு வயிறு வலிக்கும். ஒன்பதாம் வகுப்பில், பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். படியேறினால் மூச்சு வாங்கும். சோம்பேறி என்றார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். இதையெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன், வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நோட்டுகளை வாங்கித் தந்ததே அக்காதான், என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்காமல். டப்பாவை நிரப்பித் துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கொக்கிப்புழு முட்டைகள். சூப்பர்வைசர் குருமூர்த்தி எல்லோர் முன்னாலும், “என்னம்மா, போன வாட்டி அமீபா, இந்த வாட்டி புழு. வயித்துல பண்ணை வெச்சிருக்கியா?” என்றாராம். அக்காவோடு வேலை செய்யும் சாந்தம்மா வந்து சொன்னாள். வெறுங்காலோடு மண்ணில் நடப்பாயா, படியேறினால் மூச்சு வாங்குமா என்று கம்பெனி டாக்டர் கேட்டபோது அக்கா குனிந்து தன் செருப்பையே பார்த்தாராம். டப்பாவில் இருந்தது தன்னுடையது இல்லை என்று சொன்னால் ஏமாற்று, சொல்லாவிட்டால் புழு. எப்படியும் வேலை இல்லை.

ஞாயிறு காலை அக்கா ஊருக்குப் போகப் பெட்டியோடு வெளியே வந்தார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் முன்னால் நின்று, என் கால்களையே பார்த்தார். வியாழக்கிழமையிலிருந்து நோட்டில் எழுதி எழுதிப் பழகிய “முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா” என்ற வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெறுமனே தலையாட்டினேன்.

அக்கா குனிந்து, ஒரு மாத்திரைக் கவரை என் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பார்வதி, வயது 34, குடற்புழு மாத்திரை என்று அதன்மேல் எழுதியிருந்தது. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குழாயடியைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.